அந்த ‘க்’ தப்பில்லை: ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் பி.ஏ. ஆங்கில இலக்கியத்துக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுக்களில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கில இலக்கியத்தை மேஜராக எடுத்தவள். என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் வருஷாவருஷம் உங்கள் வகுப்புகளுக்கு வருகிறார்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் அவர்களில் ஒரு பெண் பள்ளிக்கு வந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பேச்சுவாக்கில் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, “மிஸ், எங்களுக்கு சாசர் இருக்கு” என்றாள். ஆங்கிலக் கவிஞர் சாசரின் பாட்டு இருக்கும் என்று வாங்கிப் பார்த்தால் அது கைடு. முதலில் ஆசிரியர் குறிப்பு, அடுத்து சுருக்கம், அப்புறம் ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் கேள்விகளும் விடைகளும். “பாட்டைப் படிச்சியாம்மா?” என்று கேட்டேன். “இல்ல மிஸ், அது புரியாதுன்னு சொன்னாங்க. இதுவே போதுமாம்.” போதுமாகத்தான் இருந்திருக்கிறது. நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள், சாசரின் ஒரே ஒரு வரியைக்கூட வாய்விட்டு வாசிக்காமல்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு தாளில் ஐந்து யூனிட், யூனிட்டுக்கு மூன்று நான்கு படைப்புகள், கையில் இருப்பதோ நான்கைந்து மாதம். பாடல் எதைப் பற்றியது என்று கேட்டுவிட்டுப் போகும் கேள்வித்தாளுக்கு, பாடலைப் படிக்காமலேயே பதில் எழுதிவிட முடிகிறது. அந்தக் கைடு உங்கள் கேள்வித்தாளைப் பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அன்று அவளை உட்காரவைத்து என் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

கல்லூரியில் முதல் வருஷம், சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. பேராசிரியர் என்னை எழுப்பி ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார். நடுவில் மாவீரனைக் குறிக்கும் அந்தச் சொல் வந்தது. கே, என், ஐ, ஜி, ஹெச், டி. எழுத்தைப் பார்த்தேன், எழுத்தில் இருந்ததை வாசித்தேன்: “க்னிக்ட்.” வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் சிரித்துவிட்டு, “தமிழ் மீடியம்” என்று மட்டும் சொல்லி என்னை உட்காரச் சொன்னார். அந்த வருஷம் முழுக்க வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் வருஷத்தில் ஆங்கில மொழி வரலாறு என்று ஒரு தாள். ஒரு மதியம் நூலகத்தில் அதற்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. சாசர் காலத்தில், அதாவது பதினான்காம் நூற்றாண்டில், அந்தச் சொல்லின் ‘க்’ ஒலித்திருக்கிறது. நடுவில் இருக்கும் ஜி, ஹெச் இரண்டும் சேர்ந்து, மூச்சு உரசிக்கொண்டு வருகிற ஓர் ‘ஹ்’ போல ஒலித்திருக்கின்றன. கிட்டத்தட்ட ‘க்னிஹ்ட்’. பெயருக்கான ஆங்கிலச் சொல்லை அவர் ‘நாமெ’ என்பது போலவும், நேரத்துக்கான சொல்லைத் ‘தீமெ’ என்பது போலவும் சொல்லியிருப்பார். என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இன்றைக்கும் எழுத்துக் கூட்டி ‘நமே’, ‘திமே’ என்றுதான் வாசிக்கிறார்கள். நாம் அவர்களைத் திருத்துகிறோம். திருத்தத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வரலாறும் இருக்கிறது.

சாசருக்குப் பின் வந்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாமே இடம் மாறின. வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வைத்தது 1476-இல், அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த நேரத்தில். அச்சில் ஏறிய எழுத்து மெல்ல உறைந்துபோக, ஒலி தன்பாட்டுக்கு நகர்ந்துவிட்டது. ‘வருகிறது’ என்று எழுதி ‘வருது’ என்று பேசுகிற நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க ஐந்து நிமிஷம் போதும். வேறு எவரையும்விட அவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். முதல் வாரத்திலேயே இதை ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் என் மூன்று வருஷமும் வேறு மாதிரி போயிருக்கும். அதை மூன்றாம் ஆண்டில் வைத்து, காரணங்களை எழுதுக என்று ஒரு கேள்வியாக மட்டும் கேட்கிறீர்கள்.

மொழி வரலாற்றை முதல் செமஸ்டருக்குக் கொண்டுவாருங்கள். இதுதான் என் முதல் வேண்டுகோள். அதைத் தேதிப் பட்டியலாக வைக்காதீர்கள். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள் என்பதை மனப்பாடம் பண்ணுவதால் ஒன்றும் வராது. பட்டியில் நின்ற ஆட்டுக்கு உழவனின் ஆங்கிலப் பெயர் நிலைத்ததையும், சாப்பாட்டு மேசைக்கு வந்த கறிக்கு ஆட்சி செய்த நார்மன்களின் பிரெஞ்சுப் பெயர் ஒட்டிக்கொண்டதையும், அந்தப் பெயர்தான் நம் தெருமுனைக் கடைப் பலகையில் ‘மட்டன் பிரியாணி’ என்று நிற்கிறது என்பதையும் ஒரு பிள்ளை கேட்டால், சாகிறவரை மறக்காது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் இங்கிருந்து போய் ஆங்கில அகராதியில் உட்கார்ந்திருப்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஒலியியலும் இப்படித்தான் கெட்டுப்போகிறது. ஆங்கிலத்தின் நாற்பத்து நான்கு ஒலிகளின் குறியீடுகளைப் படம் மாதிரி வரைந்து மனப்பாடம் செய்கிறார்கள். ‘ப’ ஒலிக்கும் அதன் அதிர்வொலிக்கும் வித்தியாசம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வராது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘பம்பரம்’ என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு ‘ப’ இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் தொண்டை சும்மா இருக்கும், இரண்டாவதில் அதிரும். நம் வாய்க்கு அந்த வித்தியாசம் பிறந்ததிலிருந்தே தெரியும். எழுத்தில்தான் நாம் பிரிப்பதில்லை. என் பள்ளி வகுப்பில் இதைச் செய்தபோது, கடைசி வரிசையில் ஒரு பையன் கழுத்திலிருந்து கையை எடுக்காமல் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இரண்டாவது வேண்டுகோள், படைப்புகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு தாளுக்கு மூன்று போதும். அவற்றை வகுப்பிலேயே வரிவரியாக, சத்தமாக வாசிக்க நேரம் கொடுங்கள். “அப்புறம் நெட் தேர்வு எப்படி எழுதுவார்கள்?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான அந்தத் தகுதித் தேர்வுக்கு விரிவு வேண்டும். அந்த விரிவை இலக்கிய வரலாற்றுத் தாள் தரட்டும். மற்ற தாள்களில் ஆழம் இருக்கட்டும். ஒரு கவிதையைச் சொந்தமாகப் படிக்கக் கற்றவள் நூறாவது கவிதையைத் தானே படித்துக்கொள்வாள்.

அதற்குக் கேள்வித்தாள் மாற வேண்டும். 1920-களில் கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் நடத்திய ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரில்லாமல் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதித் தரச் சொன்னார். 1929-இல் அவர் அதைப் புத்தகமாகப் போட்டபோது, கேம்பிரிட்ஜ் பிள்ளைகளே எப்படியெல்லாம் தடுமாறியிருக்கிறார்கள் என்று உலகம் பார்த்தது. நம் பிள்ளைகளும் தடுமாறட்டும். ஒவ்வொரு தாளிலும் பாடத்தில் இல்லாத ஒரு சிறு கவிதை அல்லது ஒரு பத்தி, அதற்குப் பதினைந்து மதிப்பெண் வையுங்கள். எந்தக் கைடிலும் அதற்கு விடை இருக்காது.

இன்னொன்றும் கேட்கிறேன். தமிழை வகுப்புக்குள் விடுங்கள். தமிழில் விளக்கிவிட்டுப் போவதைச் சொல்லவில்லை, அது இப்போதே நடக்கிறது. மொழிபெயர்ப்பைக் கட்டாயத் தாளாக வையுங்கள் என்கிறேன். குறுந்தொகையில் ‘செம்புலப் பெயல்நீர்’ என்று வருவதை ஏ.கே. ராமானுஜன் ‘ரெட் எர்த் அண்ட் போரிங் ரெய்ன்’ என்று ஆங்கிலத்தில் வைத்தார். பெயல்நீர் என்பது பெய்து நிலத்தில் கிடக்கும் நீரா, பெய்துகொண்டிருக்கும் மழையா? அவர் மழையைப் பெய்யவிட்டார். கலந்துவிட்டதைச் சொல்லும் பாட்டில், கலந்துகொண்டே இருக்கிற காட்சி வந்துவிட்டது. இது சரியா, வேறு எப்படிச் சொல்லலாம் என்று ஒரு மணிநேரம் பேசினால், இரண்டு மொழியின் இலக்கணமும் கவிதையும் சேர்ந்தே உள்ளே இறங்கும். தமிழ் வழியில் வந்த பிள்ளை அந்த ஒரு மணிநேரம் தலைகுனிந்து உட்காராது.

இந்தப் படிப்பு நமக்கு இரவல் என்கிற நினைப்பும் வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு வந்தது 1894-இல்தான். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-இல். அங்கே அது பட்டப்படிப்பாவதற்கு முன்பே இங்கே ஷேக்ஸ்பியரும் மில்டனும் தேர்வுக்குரிய பாடம். ஆட்சிக்கு ஆள் தயாரிக்கத்தான் அப்படி வைத்தார்கள், உண்மை. ஆனால் ஒன்றரை நூற்றாண்டாக இந்த மண்ணில் நடக்கும் படிப்பை நம் பிள்ளைகளுக்குத் தகுந்த மாதிரி நடத்த எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

கைடோடு வந்திருந்த அந்தப் பெண்ணிடம், சாசரின் ‘கேன்டர்பரி டேல்ஸ்’ முன்னுரைப் பாடலில் மாவீரன் அறிமுகமாகும் வரியைக் காட்டி, எழுத்தில் இருக்கிறபடி வாசி என்றேன். தயங்கினாள். “க்-கை விடவா மிஸ்?” என்றாள். விடாதே என்றேன். அந்தச் சொல்லை மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு அடுத்த வரிக்குத் தானாகவே போனாள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால், முன்னறிவிப்பில்லாமல், ஏதாவது ஒரு சிற்றூர்க் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். மேசைமேல் பாடல் எத்தனை, கைடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையோடு கூட்டத்துக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு மாணவர்களை அனுப்பும் ஓர் ஆங்கில ஆசிரியை