ரிவர்ட் என்ற சொல்லை எங்கே வைப்பது

பினாங்கு

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் ஆங்கில மின்னஞ்சலைப் படித்த சக ஊழியர், ‘எதை ரிவர்ட் செய்யச் சொல்கிறாய்?’ என்று கேட்டதாகப் போனில் சொன்னாய். அவர் குத்திக்காட்டவில்லையம்மா, அவருக்கு உண்மையிலேயே விளங்கியிருக்காது. ‘ப்ளீஸ் ரிவர்ட் பை ஃப்ரைடே’ என்று எழுதினால் கோலாலம்பூர் வங்கியிலும் பினாங்கு வக்கீல் ஆபீசிலும் ‘வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடுங்கள்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் அப்படியே. நீ வேலை பார்க்கும் மான்செஸ்டரில் அந்தப் பொருள் புழக்கத்தில் இல்லை. அங்கே ரிவர்ட் என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது மட்டுமே. அதிலும் நீ இருப்பது மென்பொருள் குழு. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ரிவர்ட் ஒரு கட்டளை: முன்பு சேர்த்த மாற்றத்தை, அதற்கு நேர் எதிரான புதிய மாற்றம் ஒன்றைப் பதிந்து நீக்குவது. வெள்ளிக்கிழமைக்குள் தான் எழுதியதை எடுத்துவிடச் சொல்கிறாய் என்று அவர் நினைத்திருந்தால் அதில் தப்பே இல்லை.

இந்தச் சொல்லைப் போடும் முன் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பார். முன்பிருந்த நிலை ஒன்று, நடுவில் வந்த மாறுதல் ஒன்று, மறுபடி அதே முதல் நிலை. நம் நாட்டு வரியையே எடுத்துக்கொள். விற்பனை வரியும் சேவை வரியும் இருந்தன, எஸ்.எஸ்.டி. என்போமே அதுதான். 2015 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டு 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. கொண்டுவந்தார்கள். 2018 ஜூனில் அதைப் பூஜ்ஜியமாக்கி, செப்டம்பரில் பழையபடி எஸ்.எஸ்.டி.க்கே போனார்கள். ‘மலேசியா ரிவர்ட்டட் டு எஸ்.எஸ்.டி. இன் 2018’ என்பது குறையில்லாத வாக்கியம். அதே சொல்லை 2015-க்குப் போட்டால் பிழை, ஏனென்றால் ஜி.எஸ்.டி. அதற்குமுன் இங்கே இருந்ததே இல்லை. ‘வீ வில் ரிவர்ட் டு எ நியூ சிஸ்டம்’ என்று பெரிய பெரிய அறிக்கைகளில்கூட வருகிறது. புதியதற்கு எப்படித் திரும்புவது? அங்கே ‘ஸ்விட்ச்’ அல்லது ‘மூவ்’ போதும்.

சொல்லுக்குப் பின்னால் வருவது ‘டு’. ஆள் பிசகுகிற இடம் இதுதான். இந்த ‘டு’ வேற்றுமை உருபு போல நிற்கிறது, வினையோடு ஒட்டுகிற ‘டு’ அல்ல. அதனால் அடுத்து பெயர்ச்சொல் வர வேண்டும், வினை வந்தால் ‘இங்’ ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ‘ஷீ ரிவர்ட்டட் டு ஸ்பீக்கிங் டமில்’ சரி, ‘ரிவர்ட்டட் டு ஸ்பீக் டமில்’ தவறு. ‘லுக் ஃபார்வர்ட் டு’வுக்கும் இதே கணக்கு. நீ எழுதும் கடிதங்களின் கடைசி வரியில் ‘லுக் ஃபார்வர்ட் டு ஹியர்’ என்று வருகிறது, அதையும் ‘ஹியரிங்’ என்று மாற்றிக்கொள்.

பொதுவான எழுத்தில் இது செயப்படுபொருள் கேட்காத வினை. நிலம் தானாகத் திரும்புகிறது, அதை யாரும் ‘ரிவர்ட் செய்வது’ இல்லை. ஆகவே ‘தி லேண்ட் வாஸ் ரிவர்ட்டட்’ என்று செயப்பாட்டில் எழுதாதே, ‘தி லேண்ட் ரிவர்ட்டட்’ என்று நிறுத்து. கணினி வேலை மட்டும் விதிவிலக்கு. ‘தி சேஞ்ச் வாஸ் ரிவர்ட்டட்’ என்று உன் குழுவில் எழுதலாம், அங்கே அதுதான் வழக்கு. ‘ரிவர்ட் பேக்’ எங்குமே வேண்டாம். திரும்புவது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, ‘பேக்’ வெறும் சுமை.

நிலம் என்றதும் சட்டம் நினைவுக்கு வருகிறது. இந்தச் சொல்லுக்கு மிகப் பொருத்தமான இடம் அதுதான் என்பேன். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, மாநில அரசு நிலத்தைக் குத்தகைக்குத் தரும்போது தவணை 99 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. தவணை முடிந்தால் நிலம் மாநில அரசுக்கே திரும்பும். ‘தி லேண்ட் ரிவர்ட்ஸ் டு தி ஸ்டேட்’. சொத்து யாரிடமிருந்து போனதோ அவரிடமே வந்து சேர்வது. அதனால்தான் ‘ஐ வில் ரிவர்ட் டு யூ’ என்பதை எழுத்துக்கு எழுத்து படிக்கிற ஆங்கிலேயருக்குச் சிரிப்பு வரும்: நீ அவருடைய சொத்தாகத் திரும்பப் போகிறாயா என்ன? ஊர்களுக்கும் இதே முறைதான். 1874-இல் பேராக் மாநிலக் கடலோரப் பகுதியான டிண்டிங்ஸ் பிரிட்டிஷார் கைக்குப் போனது, 1935-இல் மறுபடி பேராக்கோடு சேர்ந்தது. ‘தி டிண்டிங்ஸ் ரிவர்ட்டட் டு பேராக்’. இப்படிப்பட்ட இடத்தில் ‘ரிடர்ன்’ போட்டாலும் பிழையில்லை, ஆனால் ரிவர்ட்டில் உரிமை மாறுவதும் சேர்ந்து ஒலிக்கிறது.

பெயர்ச்சொல்லில் கவனம் தேவை. ரிவர்ட்டின் பெயர்ச்சொல் ‘ரிவர்ஷன்’. ‘ரிவர்சல்’ வேறு வினையிலிருந்து, ‘ரிவர்ஸ்’ஸிலிருந்து வருவது. நம் நாட்டுப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் 2003-இல் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டதும், அந்த முடிவைத் திரும்பப் பெறுவதாக 2009-இல் அரசு அறிவித்ததும் உனக்குத் தெரியும். அந்த அறிவிப்பு ஒரு ரிவர்சல். அதன் பயனாகத் தமிழ்ப்பள்ளிகளில் அந்தப் பாடங்கள் மறுபடி தமிழுக்கு வந்தது ரிவர்ஷன்.

நல்லதா கெட்டதா என்று இந்தச் சொல் தீர்ப்புச் சொல்வதில்லை. முன்னேறியது சரிந்துவிட்டது என்று காட்ட வேண்டுமானால் ‘ரிக்ரெஸ்’. இறந்தகாலத்தில் ‘ரிவர்ட்’டின் கடைசி ‘டி’ இரட்டிக்காது, அதற்கு முன்னால் இன்னொரு மெய்யெழுத்து நிற்பதால். ‘ரிக்ரெட்’டில் உயிரெழுத்து நிற்கிறது, ஒலி அழுத்தமும் கடைசி அசையில் விழுகிறது, அதனால் அது இரட்டிக்கும்.

பதில் கேட்க என்ன எழுதுவது? ‘ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே’ போதும், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நீ பதில் தர வேண்டியிருந்தால் ‘ஐ வில் கெட் பேக் டு யூ பை ஃப்ரைடே’. வாடிக்கையாளருக்கு இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் ‘ஐ வில் ரெஸ்பாண்ட் இன் ஃபுல் பை ஃப்ரைடே’. கோலாலம்பூர் கிளைக்கு எழுதும்போது மட்டும் பழையபடி ரிவர்ட் என்றே போடு, அவர்களுக்குப் புரியும். அங்கே உள்ள மூத்தவர்களின் கடிதத்தில் அந்தச் சொல்லைத் திருத்தப் போகாதே, தேவையில்லாத மனத்தாங்கல்.

அனுப்பிவைத்த உன் வரைவில் இரண்டாவது பத்தியில் ‘ரிவர்ட் டு தி ஓல்ட் லாகின் பேஜ்’ என்று எழுதியிருக்கிறாயே, அது மிகச் சரி. அதைத் தொடாதே. நான்காவது பத்தியில் பதில் கேட்டு ரிவர்ட் என்று போட்டிருப்பதை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பு.

அன்புடன்,
அப்பா