டிஸ்ப்ளே வரலன்னா உடனே பேனல் மாத்தணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லேப்டாப்ல டிஸ்ப்ளே வரலன்னு கடைக்கு எடுத்துட்டுப் போனா, ஆன் பண்ணி ஒரு பார்வை பாத்துட்டு "பேனல் (படம் தெரியற ஸ்க்ரீன் பாகம்) போச்சு, மாத்தணும்"னு சொல்லிடறாங்க. எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு காலேஜ் படிக்குது, அதுக்கும் ஒரு கடையில இதையேதான் சொல்லியிருக்காங்க, அவங்க அப்பா பணத்துக்கு அலைய ஆரம்பிச்சிட்டாரு. நான் வாங்கிப் பாத்தேன். ஸ்க்ரீனை முழுசா திறந்தா இருட்டு, பாதி மடக்கிப் புடிச்சா படம் வருது, லேசா அசைச்சா நடுங்கிட்டுப் போயிடுது. இப்படி மடக்குற கோணத்துக்கு ஏத்த மாதிரி வந்து வந்து போச்சுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது மதர்போர்டுலேருந்து (உள்ள இருக்கற முக்கிய சர்க்யூட் போர்டு) ஹிஞ்ச் (ஸ்க்ரீனை மடக்குற கீல்) வழியா மேல போற டிஸ்ப்ளே கேபிளைத்தான். முன்னாடி ஃப்ரேமைக் கழட்டிப் பாத்தா, ஹிஞ்ச் உரசி உரசி கேபிள் மேல சுத்தின டேப் கிழிஞ்சு உள்ள இருக்கற மெல்லிசு கம்பி வெளிய தெரியுது. கேபிள் மட்டும் வாங்கி மாத்தினோம், இன்னிக்கு வரைக்கும் நல்லா ஓடுது.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்லயே சிலது பாத்துக்கலாம். ஹெச்டிஎம்ஐ கேபிள்ல டிவிக்கு கனெக்ட் பண்ணுங்க, அங்க படம் சுத்தமா வந்தா பெரும்பாலும் போர்டு நல்லா இருக்கு, கோளாறு பேனல்லயோ கேபிள்லயோதான். ஸ்க்ரீன் ஒரேயடியா இருட்டா இருந்தா டார்ச்சை சாய்வா அடிச்சுப் பாருங்க, மங்கலா ஐகான் தெரிஞ்சா படம் வருது, ஸ்க்ரீனுக்குப் பின்னாடி வெளிச்சம் குடுக்கற பேக்லைட்தான் எரியலன்னு அர்த்தம். கோடு விழுதுன்னா ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போன்ல பாருங்க, அதுலயும் கோடு இருந்தா கிராபிக்ஸ் பக்கம் கோளாறு, இல்லன்னா பெரும்பாலும் பேனல் இல்ல கேபிள் பக்கம். பல டெல் மாடல்கள்ல டி பட்டனை அழுத்திக்கிட்டே பவர் ஆன் பண்ணா ஸ்க்ரீன் கலர் கலரா மாறி தானே டெஸ்ட் பண்ணிக் காட்டும்.

வீடியோ பாத்துட்டு தாங்களே கழட்டுற பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்லணும். உள்ள பேட்டரி கனெக்டரைக் கழட்டாம டிஸ்ப்ளே கேபிளைத் தொடவே கூடாது, கரண்ட் இருக்கும்போது அதைப் புடுங்கியோ சொருகியோ ஷார்ட் ஆச்சுன்னா போர்டுல பேக்லைட்டுக்குன்னு இருக்கற குட்டி ஃப்யூஸ் போயிடும், அப்புறம் புது பேனல் போட்டாலும் இருட்டுதான். புது பேனல் வாங்கறப்ப லேப்டாப் மாடலை மட்டும் சொல்லி வாங்காதீங்க, பழைய பேனல் பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரையும், கனெக்டர் 30 பின்னா 40 பின்னான்னும் பாத்து வாங்குங்க, ஒரே மாடல்லயே வேற வேற பேனல் வருது.

இந்த கேபிள் தொல்லை விலை கம்மியான லேப்டாப்புக்கு மட்டும்தான்னு நினைக்க வேணாம். ஆப்பிளோட 2016 மேக்புக் ப்ரோலயே இதே மாதிரி பேக்லைட் பிரச்சினை வந்து, 2019ல 13 இன்ச் மாடலுக்கு இலவசமா சரி பண்ணித் தர்றோம்னு அந்த கம்பெனியே அறிவிச்சது. அதுல கேபிள் டிஸ்ப்ளேயோட சேந்தே இருக்கும், தனியா மாத்த வழியே கிடையாது. இப்படி டிசைன் பண்றதே தப்புன்னு நான் நினைக்கிறேன்.

மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர்ல ரைட் டு ரிப்பேர்னு, அதாவது வாங்கின பொருளை ரிப்பேர் பண்ணிக்கற உரிமைக்காக, ஒரு போர்ட்டல் (வெப்சைட்) ஆரம்பிச்சாங்க, நல்ல விஷயம். ஆனா இங்க வாங்கறவங்களுக்குத் தேவை, கேபிள், ஹிஞ்ச் மாதிரி சின்ன பார்ட்ஸ் பார்ட் நம்பரோட தனியா கிடைக்கணும், சர்வீஸ் மேனுவல் எல்லாருக்கும் திறந்திருக்கணும், சர்வீஸ் கடையில என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு பில்லுல எழுதி கழட்டின பார்ட்டைத் திருப்பிக் குடுக்கணும். 2011லேருந்து நம்ம மாநிலத்துல லட்சக்கணக்கான பிள்ளைங்க கையில அரசே லேப்டாப் குடுத்திருக்கு, வாரண்டி முடிஞ்ச அந்த லேப்டாப்புகளை நியாயமான கூலிக்கு செக் பண்ணித் தர ஒவ்வொரு மாவட்டத்துலயும் அரசு ஐடிஐல ஒரு ரிப்பேர் பிரிவு திறக்கணும்னு உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை