கால்குலஸுக்கு முன்னால் படிக்க ஒரு புத்தகம்

அன்பு மகளுக்கு,

அடுத்த வருடம் அட்வான்ஸ்டு கால்குலஸ் எடுக்கப் போகிறேன், அதற்குள் படிக்க ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். நீயாகவே முன்கூட்டித் தயாராக நினைத்ததில் அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஆயிரம் பக்கக் கால்குலஸ் புத்தகத்தை இப்போது வாங்காதேம்மா. உனக்கு வேண்டியது நல்ல ப்ரீ-கால்குலஸ் புத்தகம், அதாவது கால்குலஸுக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய கணக்கைச் சொல்லித் தரும் புத்தகம். ஏன் என்று சொல்கிறேன். எக்ஸின் வர்க்கமூலத்துக்கு வகைக்கெழுவை, அதாவது எக்ஸ் மாறும்போது அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை, வரையறையிலிருந்து கண்டுபிடிக்கச் சொல்வார்கள். எக்ஸோடு எச் என்ற சிறு அளவைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்திலிருந்து எக்ஸின் வர்க்கமூலத்தைக் கழித்து, எச்சால் வகுக்க வேண்டும். உடனே எச்சுக்குப் பூஜ்யம் போட்டால், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லி நிற்கும். அந்த இரண்டு மூலங்களின் கூட்டுத்தொகையால் மேலும் கீழும் பெருக்கிப் பார். மேலே எச் மட்டும் மிஞ்சும், கீழே உள்ள எச்சோடு அடிபட்டுப் போகும். அப்புறம் எச்சைப் பூஜ்யத்தை நெருங்கவிட்டால் விடை கிடைத்துவிடும். இதில் கால்குலஸ் என்பது அந்தக் கடைசி வரி மட்டும்தான். மற்றதெல்லாம் இயற்கணிதம். நிறையப் பேர் தடுமாறுவது அங்கேதான்.

மடக்கை, முக்கோணவியல் இரண்டும் புத்தகத்தில் நிதானமாக வர வேண்டும். சைனின் வகைக்கெழு கொசைன் என்பது கோணத்தை ரேடியனில், அதாவது வட்ட வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்து, அளந்தால்தான் சரி. டிகிரியில் அளந்தால் பை (π) என்ற எண்ணை 180ஆல் வகுத்தது கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ரேடியன் எதற்கு என்று விளக்காத புத்தகம் வேண்டவே வேண்டாம்.

பொருளடக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. சார்புகளின் சேர்ப்பு, அதாவது ஒரு சார்பின் விடையை இன்னொரு சார்புக்குள் போடுவது, பற்றிய பகுதியைப் படித்து, அதன் கணக்குகளைப் போட்டுப் பார். அப்படிச் சேர்ந்த சார்புகளுக்கு வகைக்கெழு கண்டுபிடிக்கும் சங்கிலி விதி முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. எல்லாமே சட்டென்று வந்துவிட்டால் உனக்கு அது எளிது, ஒன்றுமே வராவிட்டால் இப்போதைக்கு வேண்டாம். பின்னால் விடைகள் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள், தனியாகப் படிப்பவளுக்கு அது முக்கியம்.

கூடவே படிக்க, சில்வானஸ் தாம்சன் 1910இல் எழுதிய ‘கால்குலஸ் மேட் ஈஸி’ எனக்குப் பிடித்தது. பயத்தைப் போக்கிவிடும். ஆனால் அவர் எல்லை என்ற கருத்தை, அதாவது ஒரு அளவு எதை நெருங்கிப் போகிறது என்பதை, வைத்துக் கட்டவில்லை, மிகச் சிறிய அளவுகளை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறார். அதனால் அது மட்டும் போதாது. மைக்கேல் ஸ்பிவாக்கின் ‘கால்குலஸ்’ புத்தகத்தை யாராவது சொன்னால், அடுத்த வருடக் கால்குலஸ் படிப்பை முடித்த பிறகு எடு. அதில் நிரூபணங்கள்தான் உயிர்.

பார்த்துவைத்த புத்தகங்களில் அந்தச் சேர்ப்புப் பகுதியைப் படம் எடுத்து அனுப்பு. இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து முடிவு செய்யலாம்.

அன்புடன்,
அப்பா