வதந்தியால் மூளும் இனவெறுப்பு வன்முறையை முற்கூட்டியே தடுப்பதற்கான கோரிக்கை மனு

மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், அம்பாறை.

மதிப்பிற்குரிய ஐயா,

காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் வாழும் தமிழ், முஸ்லிம் மக்களாகிய நாங்கள் கூட்டாகக் கையொப்பமிட்டு இம்மனுவைச் சமர்ப்பிக்கின்றோம்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகப் பரவிய கதையை நம்பிய கும்பல் அம்பாறை நகரில் பள்ளிவாசலையும் கடைகளையும் வாகனங்களையும் தாக்கியது. மாத்திரை எனப்பட்டது வெறும் மாக்கட்டியே என அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பின்னர் உறுதிப்படுத்தியது. உண்மை வெளிவருமுன் சேதம் நிகழ்ந்துவிட்டது. அதே கதை மார்ச் மாதத்தில் கண்டி மாவட்டத்தின் திகனையில் வன்முறை மூண்டபோதும் வெறுப்பைத் தூண்டுவோருக்குப் பயன்பட்டது.

2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின்னர், குற்றத்துடன் எவ்விதத் தொடர்புமற்ற முஸ்லிம் குடும்பங்களும் சந்தேகத்துக்குள்ளாயின. ஆயினும் சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரை நம்பிய வயல்களில் இரு சமூகத்தாரும் அடுத்தடுத்தே விதைத்தோம். வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டை விதானையார் வாய்க்காலைத் திறக்கும்போது எவருடைய மதத்தையும் கேட்பதில்லை. ஊர்ப் பெரியோரும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகத்தினரும் ஒருவரையொருவர் அழைத்துப் பேசிப் பல பதற்றங்களைத் தணித்திருக்கின்றனர். இந்தத் தாங்குசக்தி எமது பெருமை. ஆனால் அதை நிர்வாகம் தன் கடமைக்குப் பதிலாகக் கொள்வது நியாயமன்று. பொய்யைப் பொய்யென்று அதிகாரபூர்வமாக அறிவிக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை.

ஆகவே, வதந்தி பரவிய சில மணித்தியாலங்களுக்குள் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நேரத்தில் உத்தியோகபூர்வ விளக்கம் வெளியிடும் பொறுப்பை ஓர் அலுவலரிடம் ஒப்படைத்து, அவ்விளக்கத்தைப் பிரதேச செயலாளர்கள், கிராம உத்தியோகத்தர்கள் ஊடாகவும் வணக்கத்தலங்களின் ஒலிபெருக்கிகள் ஊடாகவும் மக்களிடம் சேர்க்குமாறு வேண்டுகின்றோம். தமிழில் முறையிடுவோரின் வாக்குமூலம் தமிழிலேயே பதியப்படுவதையும், அதன் பிரதி அவர்களுக்குத் தமிழிலேயே கிடைப்பதையும் பொலிஸாருடன் இணைந்து உறுதிசெய்ய வேண்டும். வாசிக்க முடியாத பத்திரத்தில் கையொப்பமிடும் பாதிக்கப்பட்டவர் இரண்டாவது முறையும் அவமதிக்கப்படுகின்றார்.

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் (ஐ.சி.சி.பி.ஆர்.) சட்டத்தின் 3ஆம் பிரிவு, வன்முறைக்கோ பாரபட்சத்துக்கோ தூண்டும் இன, மத வெறுப்புப் பிரசாரத்தைத் தடை செய்கின்றது. அச்சட்டம் எழுத்தாளர்களையும் விமர்சகர்களையும் அடக்கப் பயன்படுவதை நாங்கள் விரும்பவில்லை. கும்பலைத் திரட்டுவோர் எச்சமூகத்தவராயினும் அவர்கள் மீது அது பாய வேண்டும் என்பதையே கேட்கின்றோம்.

அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இம்மனுவை எடுத்துக்கொண்டு, எமது இரு சமூகப் பிரதிநிதிகளையும் அங்கு அழைத்து, எடுக்கப்படும் தீர்மானத்தை எழுத்தில் அறியத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம்.

இங்ஙனம்,
கையொப்பமிட்ட கரையோரப் பிரதேச மக்கள்