ராகிக் குழி மாதிரி ஒரு குழி

டேய் மாப்ள,

தருமபுரி வந்து எட்டு நாள் ஆச்சுடா. வந்ததும் போன் பண்ணலன்னு உனக்கு கோவம்னு நாலு ரோட்டுல பாத்த நம்ம பழைய செட்டு ஆளு ஒருத்தன் சொன்னான். போன்ல பேசினா நீ பாதில பால்காரன் வந்துட்டான், கரண்டு போச்சுன்னு வெச்சிடுவ, அதனால தான் பொறுமையா உக்காந்து டைப் பண்றேன், நீயும் பொறுமையா படி. கண்ணாடி வேற புதுசு, இன்னும் கண்ணுக்கு பழகல, எழுத்து அங்கங்க தப்பா இருந்தா கண்டுக்காத. பழசு எங்க போச்சுன்னு கீழ வரும்.

பொண்ணு வீட்ல மூணு மாசம், இங்கிலாந்துல லீட்ஸ்ல. குளிரு, மழை, சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டு. பேத்தி நல்லா இருக்கா, தமிழ் புரியுது, பதில் தான் இங்கிலீஷ்ல வருது. ஊர் சுத்தி பாத்த கதை எல்லாம் நேர்ல சொல்றேன், பாதி இடம் எனக்கு ஒண்ணு போலவே இருந்துச்சு. ஒரே ஒரு இடம் மட்டும் உனக்கு எழுதியே ஆகணும்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன், ஏன்னா அந்த குழிக்குள்ள நின்னப்ப எனக்கு உன் ஞாபகம் தான் வந்துச்சு. சிரிக்காத, முழுசா படி.

மருமவனுக்கு இந்த பழைய மிலிட்டரி பங்கர் எல்லாம் தேடிப் போற பைத்தியம். மொத யார்க் டவுன்ல ஒண்ணுக்கு கூட்டிட்டு போனாரு, 1961ல கட்டினது, இப்ப டிக்கெட் போட்டு காட்டறாங்க, பெயிண்ட் அடிச்சு மேப்பு மாட்டி எல்லாம் சுத்தமா நம்ம கலெக்டர் ஆபீஸ் மீட்டிங் ஹால் மாதிரி இருக்குது. அது ஹெட் ஆபீஸ், அதுக்கு கீழ வயக்காட்டுல சின்ன சின்னதா போஸ்ட் நெறைய இருக்குது, அதுல ஒண்ண காட்டறேன் வாங்க மாமான்னாரு. அடுத்த ஞாயித்துக்கெழம ஒரு ஆட்டுக்காரரோட மேய்ச்சல் காட்டுக்கு போனோம். அவருகிட்ட முன்னாடியே கேட்டு வெச்சிருந்தாரு, சும்மா போய் எறங்கிட முடியாது.

பாத்தா ஒண்ணுமே இல்லடா. புல்லு மொளச்ச ஒரு மேடு, மேல நம்மூர் வாட்டர் டேங்க் மூடி கணக்கா பச்ச பெயிண்ட் அடிச்ச சிமெண்ட் கட்டை, அதுல இரும்பு கதவு, கொஞ்சம் தள்ளி காத்து போற ஜன்னல் வெச்ச இன்னொரு கட்டை, ரெண்டு பைப்பு நீட்டிட்டு இருக்குது, சுத்தி ஆடு மேயுது. இந்த மாதிரி நாடு முழுக்க 1,563 கட்டினாங்களாம், 1950கள் கடைசில இருந்து 60கள் பாதி வரைக்கும். ராயல் அப்சர்வர் கோர்னு ஒரு படை. நான் எழுத்த பாத்து கார்ப்ஸ்னு படிச்சேன், பேத்தி விழுந்து விழுந்து சிரிச்சா. 1925ல ஆரம்பிச்சது, அப்ப வேலை வானத்த பாத்து எந்த ப்ளேன் வருதுன்னு எண்ணி சொல்றது, உலகப்போர்ல அத நல்லா பண்ணாங்கன்னு 1941ல ராஜா ராயல்ங்கற பட்டத்த குடுத்தாரு. அப்பறம் ரஷ்யாக்காரன் அணுகுண்டு போட்டா என்ன பண்றதுன்னு பயம் வந்ததும் அதே ஆளுங்கள வானத்துக்கு பதிலா மண்ணுக்கு கீழ எறக்கிட்டாங்க.

கதவு தொறக்கறப்ப தான் எனக்கு எங்க தாத்தா ஞாபகம் வந்துச்சு. பென்னாகரம் பக்கம் ஊர்ல ராகிய கொட்டி சேத்து வெக்கற ராகிக் குழி இருந்துச்சே, நீ கூட ஒரு லீவுக்கு வந்து எட்டிப் பாத்த. குழிய தொறந்தா ஒடனே எறங்க விடமாட்டாரு, தொறந்து போட்டு அரை நாள் ஆகணும், அப்பறம் கயித்துல லாந்தர கட்டி உள்ள விடுவாரு, அது அணைஞ்சா அன்னிக்கு யாரும் எறங்கக் கூடாது. உள்ள கெட்ட காத்து தேங்கி நின்னு ஆள அடிச்சிடும், அப்படி போனவங்க கத எவ்ளோ கேட்டிருக்கோம். இந்த ஆட்டுக்காரரும் காலைலயே கதவ தொறந்து போட்டு வெச்சிருந்தாரு. ஏன்னு நான் கேக்கவே இல்ல, ஊர் எதுவானா என்ன, குழி குழி தானே.

இரும்பு ஏணி செங்குத்தா போகுது, கிட்டத்தட்ட 15 அடி. எனக்கு மூட்டு வலி, பாதில கால் நடுங்கிடுச்சு, மேலயும் போக முடியல கீழயும் போக முடியல, கீழ இருந்து மருமவன் "மாமா வலது கால், வலது கால்"ங்கறாரு, எனக்கு எது வலதுன்னே மறந்து போச்சு. குனிஞ்சு பாத்தேன் பாரு, கண்ணாடி நழுவி நேரா அடில இருக்கற தண்ணி தொட்டில ப்ளக்குனு. ஊத்து தண்ணி சேந்தா கைப்பம்புல அடிச்சு வெளிய தள்றதுக்கு அங்க ஒரு பள்ளம் இருக்குது, கறுப்பு தண்ணி, கைய விட மனசு வரல. அதோட போச்சு. பொண்ணுகிட்ட நாங்க ரெண்டு பேரும் வாங்கின திட்டு தனி.

உள்ள ரூம் 15 அடி நீளம், 7½ அடி அகலம். அவ்ளோ தான். நாம காலேஜ் படிக்கறப்ப நாலு பேரு தங்கின ரூம் ஞாபகம் இருக்கா, அதுக்கும் சின்னது. அதுல மூணு பேரு இருக்கணும். துரு புடிச்ச கட்டில் சட்டம், சுவத்தோரமா ஒரு மேசை, செவுத்துல ஒட்டின தெர்மாகோல் பொரி மாதிரி உதிர்ந்து கெடக்குது, பக்கத்துல அலமாரி சைசுல கக்கூஸ், அதுல வாளி தான். ஹீட்டர் கெடையாது, பேட்டரில எரியற ஒரு பல்பு. சம்பளக்காரங்க இல்லடா இவங்க, கடைக்காரர், வாத்தியார், விவசாயி, பொம்பளைங்களும் உண்டு, சாயங்காலம் வந்து ட்ரெயினிங் எடுத்துட்டு போற உள்ளூர் ஆளுங்க.

வேலை என்னன்னு கேளு. மேல ஒரு டப்பா வெப்பாங்க, வெள்ள பெயிண்ட் அடிச்ச தூக்குச் சட்டி மாதிரி, நாலு திசைக்கும் ஊசி ஓட்டை, உள்ள போட்டோ பேப்பர். நம்ம ஓட்டு வீட்டுல கூரை ஓட்டை வழியா வெயில் வந்து திண்ணைல வட்டம் போடுமே, அதே கணக்கு தான், குண்டு வெடிச்ச வெளிச்சம் ஓட்டை வழியா பூந்து பேப்பர்ல புள்ளியா பதியும், எந்த திசை, எவ்ளோ ஒசரம்னு கோடு போட்ட பேப்பர்ல தெரிஞ்சிடும். கரண்டே வேணாம். பக்கத்து போஸ்டுங்கள்லயும் இதே மாதிரி எடுப்பாங்க, எல்லா கோடும் ஒண்ணா எங்க வெட்டுதோ அங்க விழுந்துச்சு குண்டு. இன்னொரு மீட்டர்ல வெடிச்ச அழுத்தம் முள்ளுல ஏறும். மூணாவது ஒண்ணு கதிர்வீச்சு அளக்கறது, அத அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா படிச்சு போன்ல ஹெட் ஆபீசுக்கு சொல்லணும், அவங்க மேப்புல போட்டு விஷ தூசி காத்துல எந்த ஊர் பக்கம் போகுதுன்னு கணிச்சு ஜனங்கள உஷார் பண்ணுவாங்க. சும்மா இருக்கற நாள்ல ஒரு பொட்டி மட்டும் டிக் டிக்னு அடிச்சுட்டே இருக்குமாம், அந்த சத்தம் இருந்தா லைன் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

எல்லாம் சரி, அந்த போட்டோ பேப்பர மாத்தறதுக்கு யாராச்சும் ஒருத்தர் வெளிய ஏறிப் போகணும் இல்ல? குண்டு வெடிச்ச கொஞ்ச நேரத்துல. மருமவன் இத ரொம்ப சாதாரணமா சொன்னாரு, எனக்கு தான் பகீர்னுச்சு. சரி, அது கூட கடமை, விடு. பொண்டாட்டி புள்ளைங்க எங்கன்னு கேட்டேன். வீட்ல தான் மாமா, இங்க மூணு பேருக்கு தான் எடம்ன்னாரு.

மேசை மேல நைஞ்சு போன காகிதம் ஒண்ணு ஒட்டிட்டு இருந்துச்சு. ஏதோ ஒத்திகை அன்னிக்கு எழுதினது போல. கண்ணாடி இல்லாததால மருமவன் டார்ச் அடிச்சு படிச்சு காட்டினாரு, அப்பறம் நானே மூக்குகிட்ட வெச்சு பாத்தேன். பென்சில்ல மணி, பக்கத்துல எண்ணு, மணி, எண்ணு, அஞ்சு அஞ்சு நிமிஷமா ஒரே கையெழுத்து, ஒண்ணு கூட அடிச்சு திருத்தல, ஓரத்துல டீ கப்பு வெச்ச வட்டக் கறை. அந்த பேப்பர பாத்ததும் அப்படியே உன் மழை ரெஜிஸ்டர் தான்டா.

தவளைன்னு உனக்கு பேர் வெச்சதே நான் தான, இல்லன்னு சொல்ல முடியாது. ஊத்தங்கரை தாலுக்கா ஆபீஸ்ல நீ இருந்தப்ப, அப்ப எல்லாம் ஒரே தருமபுரி மாவட்டம் தான, 2004ல தான கிருஷ்ணகிரி பிரிஞ்சுது, நான் வந்து ரெண்டு நாள் தங்கினேன், விடிய விடிய மழை. வீட்ல ஓடு ஒழுகுது, உன் சம்சாரம் எடம் எடமா குண்டான் வெச்சுகிட்டு உன்ன திட்டுது, நீ பாட்டுக்கு எட்டரை ஆச்சுன்னு குடைய எடுத்துட்டு ஆபீஸ் தோட்டத்துக்கு போயி, மழை அளக்கற மானியோட அந்த பித்தளை புனலத் தூக்கி, தண்ணிய சின்ன கிளாஸ்ல ஊத்தி ஊத்தி எண்ணி, கண்ணு மட்டத்துக்கு வெச்சு பாத்து, 57.4 மில்லிமீட்டர்னு போன்ல சத்தமா கத்தின. நான் சொன்னேன், வீட்ல இருக்கற குண்டான அளந்தா பத்தாதாடான்னு. எல்லாரும் சிரிச்சோம். நீ ஒண்ணும் சொல்லல, கைய தொடச்சுட்டு ரெஜிஸ்டர்ல எழுதின.

அப்பறம் 2024 டிசம்பர்ல அதே ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சே, ரோட்டோரம் நின்ன வண்டிங்க எல்லாம் அடிச்சுட்டு போற வீடியோவ நான் உனக்கு அனுப்பினா, நீ அத பத்தி பேசவே இல்ல, "அந்த மழைல யாரு போயி அளந்தாங்களோ"ன்னு தான் கேட்ட. எனக்கு அன்னிக்கு எரிச்சலா இருந்துச்சு, ஜனம் தத்தளிக்குது இவனுக்கு கிளாஸ் கவலைன்னு. அந்த குழில நிக்கறப்ப அது வேற மாதிரி பட்டுச்சு. யாரோ ஒருத்தன் அளந்து சொன்னா தான டேமுல இருக்கறவனுக்கு தெரியும், கீழ இருக்கற ஊருக்கு தெரியும். தவளைன்னு சொன்னதுக்கு இப்ப ஸாரி சொன்னா நீ ஓவரா பண்ணுவ, அதனால சொல்லல, புரிஞ்சுக்கோ.

அந்த போஸ்டுங்க பாதிய 1968லயே செலவு ஜாஸ்தின்னு மூடிட்டாங்களாம். மிச்சத்த 1991 செப்டம்பர்ல, பனிப்போர் முடிஞ்சு போச்சு, போதும் வீட்டுக்கு போங்கன்னு சொல்லிட்டாங்க. குண்டு விழவே இல்ல. அவ்ளோ வருஷம் ஒத்திகை மட்டும் பாத்துட்டு அவங்கவங்க வேலைக்கு போயிட்டாங்க, இடம் பழையபடி காட்டுக்காரங்களுக்கு போயிடுச்சு, கொஞ்சம் தண்ணி நெறஞ்சு கெடக்குது, கொஞ்சத்த ஆர்வக்காரங்க திரும்ப சரி பண்ணி வெச்சிருக்காங்க. நாங்க மேல ஏறி வந்ததும் ஆட்டுக்காரரு கதவ சாத்தினாரு, அவ்ளோ கனமான கதவு, எதிர் எடை வெச்சதால ஒரு கையால மூடறாரு. காகிதத்த எடுத்துட்டு வரலாமான்னு மருமவன் கேட்டதுக்கு வேணாம் இருக்கட்டும்னு நான் தான் சொன்னேன்.

சரி, வர ஞாயிறு கிருஷ்ணகிரி வரேன். உன் சம்சாரத்துகிட்ட சொல்லு, எனக்கு சக்கரை கூடி இருக்குது, பாயசம் வேணாம், களி போட்டா போதும். பெங்களூரா மாங்காய் கெடைச்சா ஊறுகாய்க்கு ரெண்டு கிலோ எடுத்து வை, காசு தரேன். அப்பறம் ஆபீஸ்ல உடைஞ்சு போச்சுன்னு தூக்கிப் போட்ட அளவு கிளாஸ் ஒண்ண வீட்டுக்கு எடுத்துட்டு வந்தியே, விளிம்பு போனது, அது இன்னும் இருக்குதா? பரண்ல கெடந்தா எடுத்து தொடச்சு வை. புது கண்ணாடி போட்டு பாக்கறேன்.

இப்படிக்கு,
உன் பழைய ரூம்மேட்