சனிக்கிழமை பரி செயின்ட் எட்மண்ட்ஸ் போகிறோம்

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை சஃபோக் பக்கம் பரி செயின்ட் எட்மண்ட்ஸ். அங்கே சந்தை புதனும் சனியும்தான், அதனால் முதலில் கார்ன்ஹில், பட்டர்மார்க்கெட் கடைகளைச் சுற்றிவிடலாம். அப்புறம் அபே தோட்டம், நுழைவுக் கட்டணம் கிடையாது. புல்வெளி நடுவே பழைய மடத்தின் இடிபாடுகள் மொட்டையாக நிற்கும். ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டியது மடத்துக் கோயிலின் மேற்குச் சுவர், இடிந்துபோன அந்தச் சக்கிமுக்கிக் கல் சுவருக்குள்ளேயே பின்னாளில் வீடு கட்டிக் கதவு, சன்னல் எல்லாம் வைத்துக் குடியேறிவிட்டார்கள். பக்கத்துப் பேராலயத்தின் கோபுரம் பல நூற்றாண்டு பழசு மாதிரித் தெரியும், முடித்தது 2005இல்தான்!

நட்ஷெல் என்ற குட்டி பப்புக்கு இரண்டிரண்டு பேராகப் போங்கள், மொத்த இடமே சுமார் 15 அடிக்கு 7 அடி, கூரையில் காய்ந்து வற்றிய பூனை ஒன்று வேறு தொங்குகிறது (சின்னப் பிள்ளைகளிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்). நேரமிருந்தால் 1819இல் கட்டிய தியேட்டர் ராயல்.

லண்டனிலிருந்து ரயிலில் வருபவர்கள் கேம்பிரிட்ஜிலோ இப்ஸ்விச்சிலோ மாற வேண்டியிருக்கும். குடை அவசியம். வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள், தனிச் செய்தி வேண்டாம்.