ஜான் தாவைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சினிமா நடிகர்களுக்குத் தாராளமாக இடம் தருகிறீர்கள், சரி. சின்னத்திரைக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பிரிட்டிஷ் நடிகர் ஜான் தா.

1942இல் மான்செஸ்டரில் பிறந்தவர். அப்பா லாரி ஓட்டுநர். ஜானுக்கு ஏழு வயதானபோது அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார். அந்தப் பையன் பதினாறு வயதிலேயே லண்டன் ராடா நாடகப் பள்ளியில் இடம்பிடித்தான். அறுபதுகளிலேயே தொலைக்காட்சியில் கதாநாயகன்.

1975இல் தொடங்கிய 'த ஸ்வீனி' தொடரில் கத்தலும் அடிதடியுமாகத் திரியும் போலீஸ்காரர் ரீகன் அவர்தான். அப்புறம் 1987இல் தொடங்கிய 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' தொடரில் துப்பறியும் போலீஸ் அதிகாரி மோர்ஸ். ஆக்ஸ்ஃபோர்டு தெருக்கள், சிவப்பு ஜாகுவார் கார், ஆபரா இசை, குறுக்கெழுத்துப் புதிர், யாரிடமும் சொல்லாத தனிமை. ரீகனும் இவரும் ஒரே ஆள் என்று நம்பவே முடியாது! ஒவ்வொன்றும் ஒரு சினிமா நீளத்தில் 33 கதைகள். பேசாமல் நிற்கும் காட்சிகளில்தான் அவர் என்னை மிகவும் கலங்கவைத்தார். இந்த வேடத்துக்காக இரண்டு முறை பிரிட்டனின் சினிமா, தொலைக்காட்சி விருதான பாஃப்டா கிடைத்தது. இதற்கிடையே 'கவனா' தொடரில் வழக்கறிஞராகவும் வந்தார்.

மோர்ஸ் இறந்துபோகும் கடைசிக் கதை 2000 நவம்பரில் ஒளிபரப்பானது. 2002 பிப்ரவரியில் ஜான் தாவும் புற்றுநோயால் காலமானார். வயது 60தான்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்